முகம் தெரிகிற அளவுக்கு

ஸ்கூட்டரின் இருக்கையைத் தூக்கிவிட்டு, அடியில் இருந்த பேட்டரியைக் கழற்றிக்கொண்டிருந்தாள் பம்பரம். மழைச் சாரல் முதுகை நனைத்தது. ஸ்கூட்டர் அண்ணனுடையது. அவனிடம் அவள் கேட்கவில்லை. கேட்டால் எதற்கு, ஏன், என் வண்டி என்னாவது என்று ஆரம்பிப்பான். அவனுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் பேட்டரியைக் கழற்றி விளக்கையும் எரிய வைத்துவிடலாம் என்பது அவள் கணக்கு.

பம்பரம் என்பது அப்பா வைத்த பெயர். பள்ளிக்கூடச் சான்றிதழில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். கடைத்தெருவில் செல்போன் பழுது பார்க்கிற கடையில் வேலை. மற்றவர்கள் உட்கார்ந்து செய்கிற வேலையை அவள் நின்றுகொண்டுதான் செய்வாள். அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததிலிருந்து அந்தச் சுற்றல் இன்னும் கூடிவிட்டது. துவைத்த துணியை மறுபடி துவைத்தாள். மருந்துப் பாட்டில்களை உயரம் பார்த்து அடுக்கினாள், பிறகு கலைத்துவிட்டு நிறம் பார்த்து அடுக்கினாள். அப்பாவின் கட்டில் பக்கத்தில் உட்காருவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தாள். உட்கார்ந்தால் அப்பா கேட்பார். கேட்டால் அவளுக்குப் பொய் வராது.

இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், மிஞ்சினால் மூன்று நான்கு நாள்தான் என்று டாக்டர் சொன்னபோது அப்பாவும் கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருந்தார். ஆனால் டாக்டர் முகக்கவசம் போட்டிருந்தார். அப்பாவைப் பொறுத்தவரை முகக்கவசம் போட்டவர் வாயே திறக்காதவர்தான்.

அப்பாவுக்குக் காது போனது நெசவு ஆலையில். அங்கே ஓடுகிற தறிகளின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. அதனால் ஆலைக்காரர்கள் குரலை வீணாக்க மாட்டார்கள். உதட்டை மட்டும் நிதானமாக, அகலமாக அசைப்பார்கள். எதிர்த் தறியில் நிற்பவர் கண்ணால் கேட்டுக்கொள்வார். அம்மாவும் கல்யாணத்துக்கு முன்பு அதே ஆலைதான். மேஸ்திரி நடுவில் நின்று முறைத்துக்கொண்டிருக்கும்போதே, அவருடைய தலைக்கு மேலாகத் தங்கள் கல்யாணத்தைப் பேசி முடித்தவர்கள் இருவரும். அப்பாவுக்கு முழுக்கவே காது கேட்காமல் போன பிறகு வீடும் ஆலையைப் போலாகிவிட்டது. எல்லோரும் உதட்டாலேயே பேசினார்கள். சண்டையும் அப்படித்தான். உங்கள் வீட்டில் ஒரு சத்தம் வருவதில்லையே, கொடுத்து வைத்தவர்கள் என்று பக்கத்து வீட்டு வாத்தியார் வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, உள்ளே அம்மாவும் அண்ணனும் ஒருவரையொருவர் உதட்டாலேயே கிழித்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த வீட்டில் அப்பாவிடமிருந்து ஒன்றை மறைப்பது சுலபம். முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து மூன்று பேரும் அதைத்தான் செய்தார்கள். அவரிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தது அம்மா. தைரியமாக இருக்கிற மனுஷன், அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள். அண்ணன் சரி என்றான். பம்பரமும் தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு அப்பா பார்த்ததெல்லாம் முதுகுகள்தான்.

பிறகு மழை வலுத்து, எங்கோ கம்பம் சாய்ந்து, கரண்டும் போயிற்று. முகத்தைத் திருப்புகிற சிரமமும் இல்லாமல் போயிற்று. டார்ச் மங்கி அணைந்துவிட்டது. தெருவில் முழங்கால் தண்ணீர். ஒரு கடையும் திறக்கவில்லை. அண்ணனின் போன் செத்துவிட்டது, அவளுடையது சாகக் காத்திருந்தது. அப்பாவின் மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருந்ததால் மெழுகுவர்த்தி கூடாது. சிலிண்டர் கொண்டுவந்தவர் இந்த அறைக்குள் தீக்குச்சியைக்கூட உரசக் கூடாது என்று மிரட்டிவிட்டுப் போயிருந்தார். அப்பா தூங்கட்டும், இருட்டாக இருப்பதும் நல்லதுதான் என்றான் அண்ணன்.

அப்பா தூங்கவில்லை. மதியம் மருந்து கொடுக்கப் போனபோதுதான் பம்பரத்துக்கு அது தெரிந்தது. மழைக்காக ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். திறந்தாலும் எதிரே பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான். அந்த நேரத்திலேயே அறை கிணற்றுக்குள் இருப்பதுபோல் இருந்தது. மருந்தைக் கொடுத்துவிட்டு எழுந்தவளின் கையை அப்பா பிடித்தார். பிறகு அவர் கை மேலே வந்தது. தோள், கழுத்து, கன்னம் என்று தடவித் தடவி வந்து அவள் உதட்டின் மேல் நின்றது. அவள் ஏதாவது சொல்கிறாளா என்று விரலால் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. விரல்கள் கொஞ்ச நேரம் அங்கேயே காத்திருந்தன. அந்தக் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்துவிட்டு வெளியே வந்தாள். ஸ்பேனரைத் தேடி எடுத்துக்கொண்டு நேராக ஸ்கூட்டரிடம் போனாள்.

பேட்டரியை முந்தானையில் சுற்றிக்கொண்டு அவள் அடுக்களைக்கு வந்தாள். அது வீட்டின் பின்கோடி. சிலிண்டர் இருக்கிற அறைக்கும் அதற்கும் நடுவில் கூடமும் நடையும் இருந்தன. மேடைமேல் அப்பாவின் மேசை விளக்கைக் கொண்டுவந்து வைத்திருந்தாள். அவர் பேப்பர் படிக்கிற விளக்கு. எந்தப் பக்கம் வளைத்தாலும் வளைகிற கழுத்து, தகரத்தில் ஒரு குடை. பல்பைக் கழற்றி வைத்தாள். ஒயரின் நுனியில் இருந்த பிளக்கை வெட்டி எறிந்தாள். கடை ஷோகேசுக்குப் போட்டது போக மிஞ்சிய எல்.இ.டி. பட்டை அவள் பையில் கொஞ்சம் கிடந்தது. சின்னச் சின்ன விளக்குகள் வரிசையாக ஒட்டிய நாடா அது. ஸ்கூட்டர் பேட்டரியிலேயே எரியும். அதைக் குறியிட்ட இடத்தில் வெட்டி, தகரக் குடையின் உட்புறத்தில் வளையமாக ஒட்டினாள். இனி ஒயரை ஈயம் வைத்துப் பற்ற வைக்க வேண்டும். பற்ற வைக்கிற கருவியும் பையில் இருந்தது. ஆனால் அதற்கும் கரண்ட் வேண்டும். கரண்ட் இல்லாததால் செய்கிற வேலைக்குக் கரண்ட் கேட்கிற கருவியைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. இரண்டையும் விழுங்கிவிட்டு ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரைக் காஸ் அடுப்பில் காட்டினாள்.

அப்போதுதான் அண்ணன் வந்தான். பார்சல் ஆபீசில் வேலை செய்கிறவன். எது எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இல்லாவிட்டால் அவனுக்குத் தாங்காது. வண்டி சீட்டு வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது என்றான். திடீரென்று சிலிண்டர் தீர்ந்தால் எதில் போவது என்று கேட்டான். மாற்றுச் சிலிண்டர் நடையிலேயே இருக்கிறது என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல். தண்ணீரில் வண்டி போகுமா என்றும் கேட்டாள். தண்ணீர் வடிய ஆரம்பித்துவிட்டது என்று அவன் சொல்லிப் பார்த்தான். பிறகு அடுக்களை வாசலில் சாய்ந்துகொண்டு உண்மையான பேச்சுக்கு வந்தான்.

"வெளிச்சம் வந்தா கேப்பாரு."

"கேக்கட்டும்."

"யாரு சொல்றது?" அவன் தன் மீசையைத் தொட்டுக் காட்டினான். "நான் பேசறதுதான் அவருக்குப் புரியாது. அம்மா குனிஞ்ச தலை நிமிர மாட்டா. நீதான் மாட்டிக்குவ."

அது நிஜம். பாதி வார்த்தை உன் மீசையிலேயே மாட்டிக்கொள்கிறது, அதை முதலில் சிரைத்துவிட்டு வா என்று அப்பா அவனை எத்தனையோ முறை விரட்டியிருக்கிறார். பம்பரத்தின் வாய் தனக்கு சினிமா போஸ்டர் எழுத்து மாதிரி என்பார். வீட்டில் அவருக்கு எந்தச் சேதியும் கடைசியில் அவள் வழியாகத்தான் போகும். சைக்கிள் தொலைந்தது, அத்தை போனது, ஆலை மூடியது, எல்லாம் அவள் வாயால்தான்.

அவள் காய்ந்த ஸ்க்ரூ டிரைவர் முனையை ஈயத்தில் வைத்தாள். அது உருகிச் சொட்டியது. ஒயர்களை ஒட்டினாள், டேப் சுற்றினாள், மறுமுனையைப் பேட்டரியில் முறுக்கினாள். ஒயரில் இருந்த சுவிட்சை அழுத்தினாள். விளக்கு எரியவில்லை.

மறுபடி அழுத்தினாள். எரியவில்லை.

"பேட்டரி பழசு. செத்திருக்கும், விடு" என்றான் அண்ணன். அவன் குரல் இறங்கியிருந்தது. ஆறுதல் சொல்வதுபோல் அவள் தோளைத் தட்டிவிட்டு, அப்பாவைப் பார்க்கப் போனான்.

பம்பரத்துக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை அவள் மறுக்க முடியாது. அப்பாடா, நம்மால் ஆனதைச் செய்தோம் என்று உடம்பே லேசாகிவிட்டது. அடுத்த நொடியே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பேட்டரி சாகவில்லை. விளக்கின் ஒயரில் இரண்டு கம்பிக்கும் ஒரே நிறம்; அவசரத்தில் ப்ளஸ்ஸில் வைக்க வேண்டியதை மைனஸில் வைத்திருக்கிறாள். கடையில் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் செய்கிற தப்பு. அவள் செய்ததே இல்லை. இப்போது இதை இப்படியே விட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. அண்ணன் கேட்க மாட்டான். அம்மாவுக்குச் சந்தோஷம். அப்பாவும் இருட்டிலேயே, ஒன்றும் கேட்காமல், ஒன்றும் தெரியாமல் போய்விடுவார். அவள் அடுப்பை அணைத்தாள். அணைத்த அடுப்பைத் துடைத்தாள். மேடையைத் துடைத்தாள். துடைத்த துணியைப் பிழிந்து காயப் போட்டாள். அதற்கு மேல் துடைக்க ஒன்றுமில்லை. உதட்டின் மேல் அந்த விரல்கள் இன்னும் இருப்பதுபோல் இருந்தது. திரும்பி வந்து இரண்டு கம்பிகளையும் மாற்றிப் போட்டாள். விளக்கு பளிச்சென்று எரிந்தது.

விளக்கையும் பேட்டரியையும் தூக்கிக்கொண்டு போய்க் கட்டில் பக்கத்தில் இருந்த முக்காலிமேல் வைத்தாள். அண்ணன் எழுந்து வெளியே போனான். நோயாளியின் அறையில் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். குடையை அப்பாவின் முகத்துக்கு நேராகத் திருப்பினாள். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. அவர் கண் கூசி முகத்தைச் சுளித்தார்.

"என் மூஞ்சியப் பாத்து என்ன பண்ணப் போற?" அப்பாவின் குரல் எப்போதும் பெரிது, இப்போது அது கிழிந்து கிழிந்து வந்தது. "உன் பக்கம் திருப்பு."

அவள் திருப்பினாள். வெளிச்சம் தன் முகத்தில் விழுந்ததும் ஓடிவிட வேண்டும் போல் இருந்தது. ஒரு வார்த்தைக்கே அவருக்கு மூச்சு வாங்கியது. அதனால் அடுத்ததை அவர் குரலில்லாமல் கேட்டார். மூச்சே வேண்டாத பேச்சு அது. ஆனால் இப்போது அவர் முகம் நிழலில் இருந்தது, அவளுக்குத் தெரியவில்லை. முக்காலியைக் கட்டிலின் ஓரமாக இழுத்து, விளக்கின் கழுத்தை வளைத்து, இரண்டு முகத்திலும் பாதிப் பாதி விழுகிற மாதிரி வைத்தாள். அதற்குப் பிறகு செய்ய வேறு வேலை இல்லை. உட்கார்ந்தாள்.

டாக்டர் என்ன சொன்னார் என்று அப்பாவின் உதடு கேட்டது.

நல்லாயிடும் என்று சொல்லலாம். அதற்கு வாயை எப்படி வைக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தெரியும். அப்பா அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓடுகிற தறியில் எந்த இழை அறுகிறது என்று பார்ப்பவரின் பார்வை அது.

"இனிமே வைத்தியம் இல்லன்னு சொன்னாருப்பா." அவளும் குரல் இல்லாமல்தான் சொன்னாள். நிதானமாக, அகலமாக, ஒரு எழுத்தும் விடாமல் சொன்னாள்.

எப்போது என்று கேட்டார்.

"இன்னைக்கு இருக்கும். இல்ல நாளைக்கு."

அப்பா கூரையைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையை மெல்ல அசைத்தார், யாரோ கடைக்குப் போய் வருவதாகச் சொன்னதற்குச் சரி என்பதுபோல. இந்த மழையில் உங்களுக்குத்தான் கஷ்டம் என்றார். பம்பரம் சிரித்துவிட்டாள். சிரித்த வாய் கோணி, கண்ணில் தண்ணீர் முட்டியது. அவர் மறுபடி அவள் மணிக்கட்டைத் தொட்டு, தன் உதட்டைப் பார்க்கச் சொன்னார்.

"அம்மாகிட்ட சொல்லாத. அவ தாங்க மாட்டா."

பம்பரம் சரி என்று தலையாட்டினாள். ஆட்டிவிட்டு நிமிர்ந்தவள் அறை வாசலைப் பார்த்தாள். வெந்நீர் டம்ளரும் ஸ்பூனுமாக அம்மா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. ஆனால் அப்பாவின் உதட்டில் வெளிச்சம் நன்றாகவே விழுந்திருந்தது, அம்மா எதிர்த் தறியில் நின்றவள். அவள் பம்பரத்தைப் பார்த்து, நான் பார்த்ததைச் சொல்லாதே என்பதுபோல ஒரே ஒரு முறை தலையை அசைத்தாள். பிறகு ஓசைப்படாமல் இரண்டடி பின்னால் போய் இருட்டில் நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்போதுதான் அடுக்களையிலிருந்து வருகிறவளைப்போல விறுவிறுவென்று வந்தாள்.

பம்பரம் எழுந்து அம்மாவுக்கு இடம் விட்டாள். அம்மா விளக்கைப் பார்த்தாள், உட்கார்ந்தாள், ஸ்பூனில் வெந்நீரை எடுத்து அவர் உதட்டில் வைத்தாள். இருவரும் பேசிக்கொண்டார்கள். துணி காயவில்லை என்றாள் அம்மா. வாத்தியார் வாங்கிப்போன ஏணி திரும்பி வந்ததா என்று கேட்டார் அப்பா. வரும் என்றாள். பிறகு அப்பா முகத்தைக் கொஞ்சம் தெளிவாக்கிக்கொண்டு சொன்னார்.

"நாளைக்கு எழுந்து உக்காரலாம்னு இருக்கேன்."

"உக்காருங்க. யாரு வேணாங்கறா."

அப்பாவின் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. ஏமாற்றிவிட்டோம் என்கிற திருப்தி. அம்மாவின் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. பம்பரத்தால் அங்கே நிற்க முடியவில்லை. இரண்டு பேரையும் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது. சொல்லித் தொலையுங்களேன், இருப்பது இன்னும் கொஞ்ச நேரம், அதையும் வெந்நீரிலும் ஏணியிலும் கழிக்கிறீர்களே என்று கத்த வேண்டும் போல் இருந்தது. கத்தினாலும் அப்பாவுக்குக் கேட்காது. அம்மாவுக்குக் கேட்கும், ஆனால் சொல்லாதே என்று தலையசைத்தவளே அவள்தான். அவள் அடுக்களைக்குப் போய், ஈயக் கறை பிடித்த ஸ்க்ரூ டிரைவரைத் தேய்த்தாள். கூடத்துக்கு வந்தாள். மின்சார ஆபீசுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவள் போனும் அத்தோடு அணைந்தது. நடையில் நின்று மாற்றுச் சிலிண்டரைத் தட்டிப் பார்த்தாள். அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்து, வாய் பிளந்து நிற்கிற ஸ்கூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லியாகிவிட்டதா என்று அவன் கண்ணாலேயே கேட்டான். ஆகிவிட்டது என்றாள். அவன் வேறு பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினான்.

பொழுது சாய்கிற நேரத்தில் அம்மாவின் குரல் கேட்டது. பம்பரம் என்று பெயரைத்தான் கூப்பிட்டாள். அந்த வீட்டில் அம்மா குரல் எழுப்பிக் கூப்பிட்டு ரொம்பக் காலமாயிற்று. இருவரும் ஓடினார்கள்.

அப்பா எதையோ சொல்ல ஆரம்பித்திருந்தார் போலிருக்கிறது. உதடு பாதியில் நின்றிருந்தது. அம்மா குனிந்து அவர் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுபோய், என்ன, என்ன என்று உதட்டால் கேட்டுக்கொண்டிருந்தாள். கண் திறந்தே இருந்தது, அதனால் அவர் பார்த்துக்கொண்டிருப்பதுபோலத்தான் இருந்தது. அண்ணன் நாடியைப் பிடித்துப் பார்த்தான். பிறகு ஆக்சிஜன் சிலிண்டரின் திருகை மூடினான். அந்த மெல்லிய சீற்றம் நின்றதும் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

யாரும் பெரிதாக அழவில்லை. பம்பரம் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது இன்னும் சூடாகத்தான் இருந்தது. அண்ணன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அவனுக்குள் பார்சல் ஆபீஸ் விழித்துக்கொண்டது. டாக்டரை அழைத்து வர வேண்டும், சித்தப்பா வீட்டுக்குச் சொல்ல வேண்டும், போன் எதுவும் உயிரோடு இல்லை, தெருவில் தண்ணீர் வடிந்துவிட்டது, வண்டியில் போனால் சீக்கிரம் வந்துவிடலாம் என்று மெதுவான குரலில் பம்பரத்திடம் அடுக்கினான். பேட்டரியைக் கழற்று என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஸ்பேனரை மட்டும் எடுத்து வந்து அவளிடம் நீட்டினான். இனி அந்த விளக்குக்கு அங்கே என்ன வேலை என்பதும் சரிதான். பம்பரம் ஸ்பேனரை வாங்கிக்கொண்டு முக்காலி பக்கத்தில் மண்டியிட்டாள்.

அப்போதுதான் அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அழவில்லை. விளக்கின் கழுத்தை வளைத்து, வெளிச்சம் முழுவதும் தன் முகத்தில் விழுகிற மாதிரி வைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் திறந்த கண்களுக்கு நேராக அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. நிதானமாக, அகலமாக அசைந்தது. முதல் இரண்டு வார்த்தைகள் பம்பரத்துக்குப் புரிந்துவிட்டன. எனக்குத் தெரியும் என்று ஆரம்பித்திருந்தாள். அதற்கு மேல் படிக்காமல் பம்பரம் சட்டென்று பார்வையைத் தரைக்கு இறக்கினாள்.

அண்ணனுக்கு அது தெரியவில்லை. அவன் நின்ற இடத்திலிருந்து அம்மாவின் முதுகுதான் தெரியும். "அம்மா, கொஞ்சம் நகரு. வெளக்க எடுத்துட்டு வண்டிய எடுக்கணும்" என்றான்.

அம்மா முகத்தைத் திருப்பவில்லை.

"கொஞ்சம் இருடா. நான் இன்னும் பேசி முடிக்கல."

அண்ணன் குனிந்து பம்பரத்தின் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கி ஜன்னல் கட்டையில் வைத்தான். கூடத்தில் மாட்டியிருந்த குடையை எடுத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டியபடி, மழையில் நடந்தே கிளம்பினான்.